வலது கண்ணுக்கு ஒரு பதில்

மார்ச் 4

அம்மா,

போன் செய்யாதே. செய்தால் நீ அழுவாய், நான் வைத்துவிடுவேன், கேட்க வேண்டியதைக் கேட்காமலே போய்விடும். இத்தனை வருஷமும் அப்படித்தான் போயிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுதியே பதில் சொல்.

நேற்று குட்டியைக் கண் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். அவளுடைய இடது இமை பிறந்ததிலிருந்தே முக்கால்வாசி மூடித் தொங்குகிறது என்று உனக்குத் தெரியும். தொட்டிலை எட்டிப் பார்த்து, "உன்னை மாதிரியே இருக்கா, வளர வளர சரியாயிடும்" என்று சொன்னது நீதான். ஒன்றரை வயதாகிறது. சரியாகவில்லை. எதையாவது பார்க்க வேண்டுமானால் புருவத்தை நெற்றிக்கு ஏற்றி, தாடையைத் தூக்கி, பெரிய அதிகாரி மாதிரி பார்க்கிறாள். உன் மருமகனுக்கு அது வேடிக்கை. எனக்கு இல்லை. நான் அப்படிப் பார்த்ததற்குத்தான் பள்ளிக்கூடத்தில் 'திமிர் பிடிச்சவள்' என்று பெயர் வாங்கினேன். புருவத்தைத் தூக்காமல் இருந்தால் 'தூங்குமூஞ்சி'.

டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். இமையைத் தூக்கும் தசை சரியாக உருவாகவில்லையாம். இமை கண்மணியை மறைக்கிறது, வெளிச்சம் உள்ளே போகவில்லை. இந்த வயதில்தான் கண் பார்க்கப் பழகுமாம். பழகாத கண்ணை மூளை வேண்டாமென்று தள்ளிவிடுமாம். அதனால் சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும், மெல்லிய பட்டை ஒன்றை உள்ளுக்குள் விட்டு இமையைப் புருவத்தோடு இணைத்துவிடுவோம் என்றார்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க உக்காருங்க" என்றார். என் இடது கண்ணை மூடி, தொங்குகிற வலது இமையை விரலால் தூக்கிப் பிடித்து, எதிரே இருக்கிற எழுத்தைப் படிக்கச் சொன்னார். எழுத்து எங்கே இருக்கிறது? வெள்ளையாக ஒரு பலகை இருப்பதுதான் தெரிந்தது. டிரைவர் லைசென்ஸுக்குப் போனபோதும் இதேதான் நடந்தது. விழுந்த இமை அப்படித்தான் இருக்கும் என்று அப்போது நீ சொன்னாய். நானும் பஸ் ஓட்டும் ஆசையை விட்டுவிட்டு, அதே டிப்போவில் பஸ் போகிற நேரமும் வருகிற நேரமும் குறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. நாலு வயசுக்குள்ள இமையைத் தூக்கியிருந்தா இந்தக் கண்ணு பார்த்திருக்கும். இப்ப தூக்கினா அழகா இருக்கும், அவ்வளவுதான். சின்ன வயசுல யார்கிட்டயும் காட்டலையா?" என்றார்.

காட்டினோம், தானாகச் சரியாகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றேன். நீ எனக்குச் சொன்னதுதான். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். கண்மணியை மூடுகிற இமையைப் பார்த்து எந்தக் கண் டாக்டரும் அப்படிச் சொல்லமாட்டார் என்றார்.

என்னைக் காட்டியதாக நீ சொன்ன அந்த ஆஸ்பத்திரியில்தான் நீ ஆயாவாக இருந்தாய். ஆபரேஷன் தியேட்டரில் தரை துடைத்தாய். டாக்டர்களெல்லாம் உனக்குத் தெரிந்தவர்கள். எந்த டாக்டர் அப்படிச் சொன்னார்? அவருக்கு என்ன அடையாளம்? அதை எழுது. வேறொன்றும் எழுதாதே.

உன் மகள்

மார்ச் 11

அன்பு மகளுக்கு,

உன் கடுதாசி வந்தது. எழுத்து இன்னமும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கிறது. நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. முழங்கால் வலி எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை. பெற்றவளைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கிற மாதிரி எழுதியிருக்கிறாய்.

எந்த டாக்டர் என்று கேட்டால் நான் என்ன சொல்வேன். இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது. உயரமாக ஒருவர் இருந்தார், கண்ணாடி போட்டவர். சரியாகிவிடும் என்றார். நான் படித்தவளா, எதிர்த்துக் கேட்க? பெரியவர்கள் சொன்னதைக் கேட்டேன். உங்கப்பாவும் கேட்டார். அவர் இருந்தால் நீ இப்படி எழுதியிருக்கமாட்டாய்.

ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நீ என்ன குறைந்துபோனாய்? படித்தாய். வேலைக்குப் போனாய். உன்னை விரும்பித்தானே மாப்பிள்ளை கட்டிக்கொண்டார், இமையை அளந்து பார்த்தா கட்டினார்? உயிரோடு இருக்கிறாய். எத்தனை பேருக்கு அது வாய்க்கவில்லை என்று உனக்குத் தெரியாது.

குட்டிக்கு அவசரப்பட்டுக் கத்தி வைக்காதே. டாக்டர்கள் இப்படித்தான் பயமுறுத்துவார்கள். பச்சைக் குழந்தையை மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைப்பதென்றால் உனக்கு விளையாட்டாக இருக்கிறதா? இன்னும் இரண்டு வருஷம் போகட்டும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

அம்மா

மார்ச் 19

அம்மா,

உயரமாக, கண்ணாடி போட்டவர். சரி.

போன சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பெரிய சிஸ்டரைப் போய்ப் பார்த்தேன். உன் தியேட்டரில் தலைமை நர்ஸாக இருந்தவர், என் கல்யாணப் படத்தில் கூட உன் பின்னால் நிற்கிறார். ரிட்டையர் ஆகி மகன் வீட்டு மாடியில் இருக்கிறார். காது மந்தம், ஆனால் ஞாபகம் கல்லில் வெட்டின மாதிரி. என் முகத்தைப் பார்த்ததும் யார் என்று கேட்கவில்லை. "அடடே, அந்த வலது கண்ணு" என்றார்.

டாக்டர் எதற்காக ஆபரேஷன் வேண்டாம் என்றார் என்று கேட்டேன்.

"யாரு வேண்டாம்னா? தேதி குடுத்து, அட்மிட் பண்ணி, பச்சை கவுன் மாட்டி, தலைக்குத் தொப்பி போட்டு வெச்சிருந்தோம். உன்னைத் தூக்கிட்டு வான்னு ஆள் அனுப்பினேன். கட்டில் காலி. உங்கம்மா அழுக்குத் துணி வண்டி போற பின்வாசல் வழியா உன்னைத் தூக்கிட்டுப் போயிட்டா."

கவுனோடு போனாயாமே. அதைத் துவைத்து மடித்து மறுநாள் வேலைக்கு வரும்போது கொண்டுவந்து அலமாரியில் வைத்தாயாமே. கவுனைத் திருப்பிக் கொடுக்கத் தெரிந்திருக்கிறது உனக்கு.

ஏன் போனாள் என்று கேட்டேன். அதை அவளிடமே கேள் என்று சொல்லிவிட்டார்.

ஆக, டாக்டர் தூக்கிவிடலாம் என்றார். நீ தூக்கிக்கொண்டு ஓடினாய். அப்பாவிடம் ஒரு பொய், என்னிடம் ஒரு பொய். அவர் அந்தப் பொய்யை நம்பியே செத்தார். பள்ளிக்கூடத்தில் தூங்குகிறேன் என்று டீச்சர் ஸ்கேலால் முட்டியில் அடித்த அன்றைக்கு நான் உன்னிடம் வந்து அழுதேன். உனக்குத் தெரியும், அது யார் வாங்கியிருக்க வேண்டிய அடி என்று. எண்ணெய் தடவிவிட்டுப் பேசாமல் இருந்தாய்.

படிக்காதவள் என்ற சேலையை இனி என் முன்னால் போர்த்திக்கொள்ளாதே. எத்தனையோ வருஷம் அந்தத் தியேட்டருக்குள் இருந்தவள் நீ. என்னைவிட, அப்பாவைவிட, இந்த ஊரில் முக்கால்வாசிப் பேரைவிட உனக்கு அதிகம் தெரியும். தெரிந்தே செய்தாய். ஏன்?

குட்டிக்கு ஏப்ரல் 2 தேதி கொடுத்திருக்கிறார்கள். நீ வர வேண்டாம்.

உன் மகள்

மார்ச் 26

மகளுக்கு,

பெரிய சிஸ்டர் வாயில் எதுவும் தங்காது என்று அப்போதே தெரியும். போகட்டும்.

ஓடினேன். ஆமாம். நீ ஒரு டாக்டரிடம் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வந்து எனக்குப் பாடம் சொல்கிறாய். நான் அந்தத் தரையை இருபத்தைந்து வருஷம் துடைத்தேன். தரையில் என்னென்ன விழும் என்று உனக்குத் தெரியாது.

உன் தேதிக்குப் பதினைந்து நாள் முன்னால் மூன்றாம் கட்டிலில் ஒரு பெண் குழந்தை இருந்தது. நாலு வயது. உன் உயரம், உன் எடை. இடது கையில் ஆறாவது விரல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுப்பதற்காக வந்திருந்தார்கள். அது ஒரு ஆபரேஷனா? நகம் வெட்டுகிற மாதிரி என்று டாக்டரே சிரித்தார். காலையில் உள்ளே போன குழந்தை துணி மூடித்தான் வெளியே வந்தது. மயக்கத்திலேயே போய்விட்டது. விரல் கையிலேயே இருந்தது, அதில் கத்தி படக்கூட இல்லை.

அந்தத் தாய் கத்தின கத்து இன்னமும் என் காதில் இருக்கிறது. அப்புறம் அதே மேஜையில் உன்னைப் படுக்கவைக்க என்னால் முடியவில்லை. தொப்பி போட்டு நீ சிரித்தாய். தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கண் போனால் போகட்டும், பிள்ளை இருக்கட்டும் என்று நினைத்தேன். இதை உங்கப்பாவிடம் சொல்லியிருந்தால் அவர் உன்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். அதனால் பொய் சொன்னேன். இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன்.

நீ கோபத்தில் காது கேட்காமல் இருக்கிறாய் என்பதால் மாப்பிள்ளைக்குப் போன் செய்து இந்த விஷயத்தை எல்லாம் சொல்லிவிட்டேன். அவராவது யோசிப்பார்.

அம்மா

ஏப்ரல் 5

அம்மா,

நீ போன் செய்த அன்றிலிருந்து இந்த வீட்டில் யாரும் தூங்கவில்லை. அவர் ஒர்க் ஷாப்பில் கம்ப்ரசர் இரைச்சலுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நாள் முழுக்க நிற்கிற மனுஷன், எதற்கும் அசராதவர். நீ சொன்ன கதையைக் கேட்டபின் குட்டியை மடியிலிருந்து இறக்கவே இல்லை. படிவத்தை அவர் முன்னால் வைத்தேன். "நான் கையெழுத்துப் போட்டு அவளுக்கு ஏதாவது ஆனா, அப்புறம் நான் எப்படி இருக்கறது" என்றார். எழுந்து போய்விட்டார். நானே போட்டேன். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் முதல் தடவையாக நாங்கள் இரண்டு பேரும் முகம் பார்க்காமல் சாப்பிட்டோம். உன் கைங்கரியம்.

எனக்கு ஒன்று புரிகிறது. ஒரு குழந்தை கண் முன்னால் செத்தால் பயம் வரும். யாருக்கும் வரும். உனக்கு ஒரு நாள் வந்திருக்கலாம், ஒரு மாதம், ஒரு வருஷம். அதற்கப்புறம்? அதே மேஜையில் எத்தனை நூறு குழந்தைகள் ஏறி இறங்கியதை நீ பார்த்திருப்பாய்? அத்தனை பேரும் நடந்து வீட்டுக்குப் போனார்கள். ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, என் இமையைப் பார்த்துக்கொண்டு சோறு போட்டிருக்கிறாய். இதற்குப் பெயர் பயம் இல்லை. வேறென்னவோ. எனக்குத் தெரியவில்லை.

2ஆம் தேதி நடந்ததையும் சொல்கிறேன், சந்தோஷப்பட்டுக்கொள்.

முதல் நாள் இரவுக்குப் பின் பால்கூடத் தரக் கூடாது என்றார்கள். காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் பசியில் அப்படி அழுதாள். பக்கத்துக் கட்டிலுக்காரர்களின் பால் பாட்டிலைப் பார்த்துக் கையை நீட்டினாள். வார்டு ஆயா ஒருத்தி, உன் வயதுதான் இருக்கும், நல்ல மனுஷி. "பாவம், ஒரு வாய் பால் குடுத்தா என்னம்மா ஆயிடும்" என்று டம்ளரோடு வந்தாள். நான் வேண்டாம் என்றேன்.

அப்புறம் மயக்க மருந்து டாக்டர் வந்து நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். சளி இருக்கிறது, இப்போது வேண்டாம், மூன்று நாலு வாரம் கழித்து வாருங்கள் என்றார்.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? படிக்கட்டில் இறங்கும்போது கிட்டத்தட்ட ஓடினேன். பஸ்ஸில் உட்கார்ந்தபின்தான் உறைத்தது. உன் ரத்தம். அந்த நிமிஷம் உன்னைவிட என்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் நான் திரும்பப் போவேன். ஏப்ரல் 29. வித்தியாசம் அதுதான்.

இனி அவருக்குப் போன் செய்தால் உன் நம்பரை அவர் போனிலிருந்தும் அழித்துவிடுவேன்.

உன் மகள்

ஏப்ரல் 12

மகளே,

உன் கடுதாசியில் அந்த ஆயாவைப் பற்றி எழுதியிருக்கிறாய். டம்ளரோடு வந்தாள் என்று. அந்த இடத்துக்கு மேல் நாலு நாள் என்னால் படிக்க முடியவில்லை. இன்றைக்குத்தான் முழுதும் படித்தேன். படித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். முடித்தால் இன்றே முடிக்க வேண்டும், நாளைக்கு என்றால் மனசு மாறிவிடும்.

இதற்குப் பெயர் பயம் இல்லை என்று எழுதினாய். சரிதான்.

நான் வேலையில் சேர்ந்து அப்போது ஆறு மாதம். மூன்றாம் கட்டில் குழந்தை விடிந்ததிலிருந்து அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய அம்மாவை ரத்தப் பரிசோதனைச் சீட்டு வாங்க லேபுக்கு அனுப்பியிருந்தார்கள். நான் துடைத்துக்கொண்டே போனேன். என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். "ஆயா, பசிக்குது" என்றாள். வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆனால் ஏன் என்று தெரியாது. ஒரு விரல்தானே, வயிற்றையா கிழிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். என் டீக்கு வைத்திருந்த பிஸ்கட் இரண்டை டீயில் தோய்த்துக் கொடுத்தேன். என் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு தின்றாள். வாயைத் துடைத்துவிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் உள்ளே கொண்டுபோனார்கள். மயக்கத்தில் வாந்தி எடுத்து, அது மூச்சுக்குழாயில் போய்விட்டது.

டாக்டர் வெளியே வந்து அந்தத் தாயிடம், "என்ன குடுத்த? உண்மையைச் சொல்லு" என்றார். அவள் ஒன்றும் கொடுக்கவில்லை என்று தன் தாலியைப் பிடித்துச் சத்தியம் செய்தாள். யாரும் நம்பவில்லை. அவள் புருஷன் எல்லார் முன்னாலும் அவளை அடித்தான். நான் நாலடி தூரத்தில் கையில் துடைப்பத்தோடு நின்றேன். வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும், ஜெயிலில் போடுவார்கள், நீ தெருவில் நிற்பாய் என்று ஓடியது. இரண்டு நிமிஷம் பேசாமல் இருந்தேன். அதற்குப் பிறகு பேசவே முடியவில்லை.

அப்புறம் உன் தேதி. உன்னைத் தொப்பியோடு பார்த்தபோது, அந்த மேஜை கணக்கைத் தீர்த்துக்கொள்ளும் என்று தோன்றியது. அவள் பிள்ளைக்கு என் கையால் நடந்தது என் பிள்ளைக்கு நடக்கும். அதுதான் ஓடினேன். மற்ற குழந்தைகள் பிழைத்து வீட்டுக்குப் போனால் எனக்கென்ன, அவர்களுடைய அம்மாக்கள் யாரையும் கொல்லவில்லை.

என் பாவத்துக்கு உன் கண்ணைக் கட்டிவிட்டேன். அழகாகச் சொல்ல எனக்கு வராது.

இதை மாப்பிள்ளையிடம் காட்டு. பாதிக் கதையைச் சொல்லி அவரைப் பயமுறுத்தினேன். 29ஆம் தேதி நீங்கள் இரண்டு பேரும் குழந்தையை விட்டு ஒரு நிமிஷம் நகராதீர்கள். சீட்டு வாங்க, கையெழுத்துப் போட, எதற்கும் ஒருவர்தான் போக வேண்டும். பாவம் பார்க்கிறவர்களைக் கிட்டே விடாதே. நான் வந்தால் என்னையும் விடாதே.

அம்மா

மே 6

அம்மா,

ஆபரேஷன் முடிந்தது. நன்றாக இருக்கிறாள். இதை முதலில் சொல்லாமல் வேறு எதையும் எழுதினால் நீ படிக்கமாட்டாய் என்பதால் சொல்கிறேன்.

உன் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். 29ஆம் தேதி காலை வார்டு வாசலில் நாற்காலியைக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டார். பிஸ்கட் விற்க வந்தவனை அவர் விரட்டியதைப் பார்த்து நர்ஸ்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. குட்டியை உள்ளே தூக்கிக்கொண்டு போனபோது அவர் எழுந்து நின்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றே கால் மணி நேரம். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் யார் மேலும் கோபப்படாமல் இருந்ததில்லை.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். புருவத்துக்கு மேல் கடுகளவு தழும்புகள், இமையில் கொஞ்சம் வீக்கம். கண் திறந்திருக்கிறது. தூங்கும்போதும் கொஞ்சம் திறந்தேதான் இருக்கிறது. அப்படித்தான் இருக்குமாம். காய்ந்துபோகாமல் இருக்க மருந்து விட வேண்டும், களிம்பு வைக்க வேண்டும். நல்ல கண்ணைத் தினம் இரண்டு மணி நேரம் மூடிவைத்து, இந்தக் கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும். கண்ணை மூடுகிற ஒட்டுத்துணியை ஒட்டினால் பிய்த்து அவர் சட்டையில் ஒட்டுகிறாள். நேற்று ஒட்டுத்துணியோடு உட்கார்ந்து தரையில் ஊர்ந்த எறும்பு ஒன்றைக் கையால் பிடிக்கப் பார்த்தாள். பிடிக்கவில்லை. ஆனால் எறும்பு இருந்த பக்கம்தான் கை போனது. நான் போய்க் குளியலறையில் நின்றுகொண்டேன்.

டாக்டரம்மா என் இமையையும் தூக்கிவிடலாமே என்கிறார். பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

இனி உன் கடிதம்.

என் கண்ணுக்காக உன்னோடு போடுகிற சண்டை முடியவில்லை. அது இருக்கும். நான் சாகிறவரை இருக்கலாம். ஆனால் எனக்கு இன்னொரு கண் இருக்கிறது, வேலை இருக்கிறது, இரண்டு மனுஷர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு என்ன இருக்கிறது? பிள்ளையைப் பறிகொடுத்தவள், பிள்ளையைக் கொன்றவள் என்ற பெயரையும் சுமந்துகொண்டு இருபத்தாறு வருஷம் இருந்திருக்கிறாள். உன் பெயரை அவள் சுமக்கிறாள். நீ ரிட்டையர் ஆகி முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாய்.

இதை என்னிடம் சொன்னது தப்பான ஆளிடம் சொன்னது. அவளிடம் போய்ச் சொல். அவள் எங்கே இருக்கிறாள் என்று பெரிய சிஸ்டருக்குத் தெரியும், கேட்டுவிட்டேன். விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். சொல்லாமல் எனக்கு எழுதாதே. எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

உன் மகள்

மே 20

மகளே,

போனேன். அதனால் எழுதுகிறேன்.

இரண்டு பஸ் மாறிப் போனேன். அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனிக்குப் பின்னால் வரிசை வீடு. அவள் அங்கேதான் வேலை பார்க்கிறாள். விரல் முழுக்கப் பசை காய்ந்து கிடந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தாள். நான் வாங்கவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

அவள் அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. ரொம்ப நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்.

"எத்தனை பிஸ்கட்டு?"

"ரெண்டு."

"தின்னதும் அழுகை நின்னுச்சா?"

நின்றது என்றேன். அவள் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். சத்தமே இல்லாமல் அழுதாள். நான் பக்கத்தில் போனபோது, "தொடாத" என்றாள்.

பிறகு எல்லாம் சொன்னாள். அந்த வாரமே புருஷன் அவளை அண்ணன் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டான். வேறு கல்யாணம் செய்துகொண்டான். அண்ணி தன் பிள்ளைகளுக்கு அவள் கையால் ஒரு வாய் ஊட்டவிட்டதில்லை. பிள்ளைகள் வளர்ந்து கல்யாணமாகி, அவர்களுடைய குழந்தைகளையும் அவள் மடியில் கொடுப்பதில்லை. அதனால்தான் தனி வீடு எடுத்து வந்துவிட்டாளாம்.

காலில் விழப்போனேன். காலை இழுத்துக்கொண்டாள். அப்போது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? நான் குடுக்கலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். தெரியாதவங்க இருக்காங்க பாரு, அவங்ககிட்ட வந்து சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் அண்ணன் வீட்டில். அண்ணன், அண்ணி, அவர்களுடைய பிள்ளைகள், மருமகள்கள் எல்லாரும் இருப்பார்கள். அந்தப் புருஷனையும் வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டாள். வருவான் என்கிறாள். நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பயமாக இருக்கிறது. அவர்கள் என்ன செய்தாலும் தகும். நீ கவலைப்பட வேண்டும் என்று எழுதவில்லை, நீ கேட்டாய் என்று எழுதுகிறேன். குட்டிக்கு நேரத்துக்கு மருந்து விடு.

அம்மா

மே 22

அம்மா,

சனிக்கிழமை மாலை பஸ்ஸில் வருகிறேன். டிப்போவில் சொல்லியாகிவிட்டது. குட்டியை அவர் பார்த்துக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் உன்னோடு அந்த வீட்டுக்கு வருகிறேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உனக்காகப் பரிந்து பேசுவேன் என்றும் நினைக்காதே, ஒரு வார்த்தை பேசமாட்டேன். அவர்கள் திட்டினால் தடுக்கமாட்டேன். நீ சொல்லி முடிக்கும்வரை உன் பக்கத்தில் நிற்பேன். எந்தப் பக்கம் நின்றால் உனக்குச் சௌகரியம் என்று மட்டும் சொல். இடது பக்கம் நின்றால் எனக்கு உன் முகம் தெரியாது.

உன் மகள்